நானூற்றுப் பதினோர் இடது முழங்கால்கள்

எங்கள் தொழிற்சாலையில் எடைபோடும் இயந்திரங்கள் செய்யப்படுகின்றன. அவை மெய்யான எடையைக் காட்டுகின்றனவா என்று சோதிப்பது என் பணி. ஐந்து கிலோ எடைக்கல்லை இயந்திரத் தட்டின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் மாறிமாறி வைப்பேன். ஐந்து இடத்திலும் ஒரே எண் தெரிந்தால் ஈய முத்திரை குத்துவேன். தெரியாவிட்டால் திருப்பி அனுப்புவேன். இதனைப் பத்தொன்பது ஆண்டுகளாக நின்றுகொண்டே செய்துவருகிறேன். நிற்றல் இருவகைப்படும். ஒன்று, உட்கார இடமிருந்தும் நிற்பது. மற்றொன்று, உட்கார இடமில்லாததால் நிற்பது. முன்னது மரியாதை, பின்னது உத்தியோகம். என்னுடையது பின்னது.

ஆதலால், பதிவறை எழுத்தர் ஓய்வுபெற்ற நாளன்று எல்லாரும் அவருக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தபோது, நான் அவருடைய நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகு சாய்வதற்கு வளைவு உண்டு. கை வைக்க இருபுறமும் கட்டை உண்டு. முப்பது ஆண்டுகள் அமர்ந்து அவர் உண்டாக்கிய பள்ளமும் உண்டு. பள்ளம் என் அளவுக்குச் சரியாக இருக்கும் என்று தோன்றியது. நாற்பத்து நான்காம் வயதில் மாலைப் பள்ளியில் சேர்ந்து, நாற்பத்தேழாம் வயதில் தேர்ச்சிச் சான்றிதழ் பெற்றிருந்தேன். பதிவறைக்கு வேண்டிய தகுதி அதுவே. விண்ணப்பம் கொடுத்தேன். பரிசீலனையில் உள்ளது என்றார் பணியாளர் நல மேலாளர். எங்கள் நிறுவனத்தில் பரிசீலனை என்பது ஒரு தாளை மேசையின் இடப்புறத்திலிருந்து வலப்புறத்துக்கு நகர்த்தும் செயலாகும்.

அந்நிலையில் தேர்தல் வந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை, பணியாளர் நானூற்றுப் பன்னிரண்டு பேரும் பொதிகட்டும் கூடத்தில் கூட்டப்பட்டோம். நிர்வாக இயக்குநர் ஒரு மரப்பெட்டியின்மேல் ஏறி நின்றார். பெட்டியின் பக்கவாட்டில் 'கவிழ்க்காதே' என்று அச்சிட்டிருந்தது.

"நாம சட்டத்த மதிக்கிறவங்க," என்று தொடங்கினார். "வேட்பாளருக்கு நிறுவனம் பணம் குடுக்கக் கூடாதுன்னு சட்டம் சொல்லுது. நிறுவனம் குடுக்காது. நிறுவனத்துக்கு அரசியல் கிடையாது, விருப்பு வெறுப்பு கிடையாது. ஆனா நீங்க தனி மனுஷங்க. தனி மனுஷன் தன்னோட சொந்த விருப்பத்துல யாருக்கு வேணும்னாலும் நன்கொடை குடுக்கலாம்னு அதே சட்டம் சொல்லுது. உங்க சொந்த விருப்பம் என்னங்கிறத நாளைக்குக் காலையில பத்து மணிக்கு அறிவிப்புப் பலகையில ஒட்டிடுவோம்."

கூடம் கைதட்டியது. நானும் தட்டினேன், சற்றுப் பலமாகவே தட்டினேன். மேலாளர் என் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டாயம் எதுவும் இல்ல," என்று இயக்குநர் தொடர்ந்தார். "குடுக்காதவங்க பேரு யாருக்கும் தெரியாது. எனக்கும் மேலாளருக்கும் மட்டுந்தான் தெரியும். நம்ம வேட்பாளர் ஜெயிச்சா, கடைகள்ல இருக்கிற பழைய தராசு எல்லாத்தையும் மாத்தணும்னு சட்டம் வரும்னு பேசிக்கிறாங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. சம்பந்தம் இல்லன்னு எழுதிக்கோங்க."

கடைசி வாக்கியம் மேலாளரை நோக்கிச் சொல்லப்பட்டது. அவர் எழுதிக்கொண்டார்.

என் பக்கத்து மேசையில் சிறு தராசுகளைச் சோதிப்பவனை எல்லாரும் நெட்டை என்று அழைப்பார்கள். அவன் குனிந்து என் காதில் கேட்டான்: "அண்ணே, நமக்கு என்ன விருப்பம்னு நாளைக்குத்தான் தெரியுமா? அதுவரைக்கும் எப்படிண்ணே பொறுக்கிறது?"

மறுநாள் படிவம் வந்தது. 'தன்விருப்ப நன்கொடைப் படிவம்' என்பது அதன் பெயர். வேட்பாளரின் பெயர் அச்சிடப்பட்டிருந்தது. தொகை அச்சிடப்பட்டிருந்தது. 'மனமுவந்து' என்பதும் அச்சிடப்பட்டிருந்தது. ஒரே ஓர் இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது: 'நன்கொடை வழங்குவதற்கான காரணம், சொந்த வாசகத்தில், நாற்பது சொற்களுக்குக் குறையாமல்.'

மற்றவர்கள் அந்த வெற்றிடத்தைக் கண்டு அஞ்சினர். நானோ உள்ளம் பூரித்தேன். கட்டுரைக்கு என்று இவ்வுலகம் எனக்கு ஒதுக்கிய முதல் இடம் அஃது. மாலைப் பள்ளியில் கற்ற யாவற்றையும் நாற்பது சொற்களில் இறக்கி வைக்க வேண்டும் என்று உறுதிபூண்டு, வீட்டில் உணவு மேசையைத் துடைத்துவிட்டு அமர்ந்தேன்.

என் மனைவி ஒரு தையற்கடையில் வேலை பார்க்கிறாள். நாள் முழுவதும் வலது காலால் மிதியை மிதிக்கிறாள். எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. தெருவிலிருந்து இருபத்திரண்டு படிகள். கடைவாசலில் அவளை அழைத்துக்கொண்டு நாள்தோறும் சேர்ந்துதான் வருவோம். சேர்ந்து என்றால், நான் இரண்டு படி முன்னால்.

"இவ்ளோ நேரமா என்னங்க எழுதுறீங்க?" என்று கேட்டாள்.

"என்னோட சொந்த விருப்பத்த."

அவள் படிவத்தை வாங்கிப் பார்த்தாள். "யாருக்குன்னு அவங்களே போட்டுட்டாங்க. எவ்ளோன்னும் போட்டுட்டாங்க. ஏன்ங்கிறது மட்டும் உங்களுக்கு மிச்சமா?"

"அதான் முக்கியமானது."

"அப்படின்னா அந்தப் படிக்கு ஒரு கைப்பிடி வச்சுக் குடுப்பாரான்னு கேட்டு எழுதுங்க. ஏறி வர்றதுக்குள்ள முட்டி கழண்டு போகுது."

நான் நாட்டின் வளர்ச்சி, மக்களாட்சியின் மாண்பு ஆகியவற்றைப் பற்றி எழுத எண்ணியிருந்தேன். ஆயினும் அவற்றுக்கு நாற்பது சொற்கள் போதா. ஆகவே மனைவியின் முழங்காலுக்கு இறங்கி வந்தேன். மூன்று முறை எழுதி, இரண்டு முறை கிழித்து, முடிவில் இவ்வாறு அமைத்தேன்:

'எம் இல்லத்துக்கு வீதியிலிருந்து இருபத்திரண்டு படிகள் உள்ளன. அப்படிகளுக்குக் கைப்பிடி இல்லை. மாலைதோறும் என் மனைவி முழங்கால் வலியோடு அவற்றில் ஏறி வரும்போது, பதினான்காம் படியில் நின்று, வானத்தைப் பார்ப்பதுபோல் மூச்சு வாங்குகிறாள். ஒரு கைப்பிடி இருந்தால் அவள் மெய்யாகவே வானத்தைப் பார்க்கலாம். அதற்காகவே, யாருடைய தூண்டுதலும் இன்றி, என் உள்ளத்தின் குரலுக்குச் செவிசாய்த்து, இந்நன்கொடையை வழங்குகிறேன்.'

எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொரு சொற்கள். கேட்டதற்குமேல் ஒன்று கூடுதல். தாராளம் என் இயல்பு. உரக்கப் படித்துக் காட்டினேன். மனைவி கேட்டு முடித்தாள். கண்ணீர் வரும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தேன்.

"நான் எந்தப் படியில நிக்கிறேன்னு எண்ணி வச்சிருக்கீங்களா?" என்றாள்.

"ஆமா. பதினாலு."

"எண்ணுன நேரத்துக்கு எறங்கி வந்து ஒரு கை குடுத்திருக்கலாம்."

உரைநடையின் அருமையை எல்லாரும் உணர்ந்துவிட முடியாது என்று எண்ணித் தாளை மடித்து வைத்தேன்.

வியாழக்கிழமை மேலாளர் என்னை அறைக்கு அழைத்தார். அவர் மேசையில் படிவங்கள் குவிந்திருந்தன. முகம் வெளிறியிருந்தது.

"இதப் படிங்க," என்று ஒன்றை நீட்டினார். வண்ணம் பூசும் பிரிவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: 'கொடுக்காதவர் பெயர் தமக்குத் தெரியும் என்று இயக்குநர் கூறியதால்.' மற்றொருவர், 'எனக்கு விருப்பம் இல்லை, ஆயினும் என் சொந்த விருப்பத்தின்படி கொடுக்கிறேன்' என்று எழுதியிருந்தார். இன்னொருவர், 'நான் மிக' என்று தொடங்கி, அந்த 'மிக' என்பதையே முப்பத்தேழு முறை எழுதி, 'விருப்பத்துடன் கொடுக்கிறேன்' என்று முடித்திருந்தார். சொல்லெண்ணிக்கையில் குறையில்லை.

"பாத்தீங்களா? எல்லாரும் உண்மைய எழுதி வச்சிருக்கானுங்க," என்றார் மேலாளர். "உண்மை வேற, சொந்த விருப்பம் வேறன்னு கூடத் தெரியல. நீங்க ஒருத்தர் எழுதினதுதான் சொந்த விருப்பம் மாதிரியே இருக்கு."

"நன்றி சார்."

"பதினாலாம் படிங்கிறீங்க, வானம்ங்கிறீங்க. படிச்சா யாரும் சந்தேகமே படமாட்டாங்க. இத மாதிரியா ஒட்டப் போறேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பதிவறை நாற்காலிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. ஆனா அந்த நாற்காலிக்கு உங்க ஞாபகமாவே இருக்கு."

அன்று பிற்பகல் என் கட்டுரை அறிவிப்புப் பலகையில் ஏறியது. மேலே சிவப்பு மையில், 'இது மாதிரி மட்டுமே. ஒவ்வொருவரும் தத்தம் உள்ளக் குரலில் எழுதித் தருக. கடைசி நாள் வெள்ளி' என்று குறித்திருந்தார்கள். வேலைநேரத்தில் உள்ளக் குரலுக்குச் செவிசாய்க்க அனுமதி இல்லை. தேநீர் இடைவேளை இருபது நிமிடம். தேநீருக்கு வரிசையில் நிற்கப் பன்னிரண்டு நிமிடம் கழிந்தால் உள்ளத்துக்கு எஞ்சுவது எட்டு. அந்த எட்டு நிமிடத்தில் தொழிற்சாலை முழுவதும் பலகையின் முன் திரண்டு, சுவரிலும் அடுத்தவர் முதுகிலும் தாளை வைத்து, என் வாசகத்தைச் சொல்மாறாமல் எழுதிக்கொண்டது. நானூறு பேனாக்களின் கீறல் ஒலி என் செவியில் இன்பமாகப் பாய்ந்தது. தேநீர் ஆறியதை நான் கவனிக்கவில்லை.

நெட்டையின் தாளை எட்டிப் பார்த்தேன். "உனக்குக் கல்யாணமே ஆகலையேப்பா," என்றேன்.

"அதுக்கென்னண்ணே. முட்டி வலி மொதல்ல வந்துடுச்சு. பொண்ணு பின்னாடி வரும்."

வரவேற்பு மேசையில் இருக்கும் பெண்ணும் 'என் மனைவி' என்றே எழுதியிருந்தாள். "ஏம்மா, இத மட்டுமாவது மாத்தலாமே," என்றேன்.

"மாதிரியில அப்படித்தானே அண்ணே இருக்கு. மாத்தினா மேலாளர் சத்தம் போடுவாரு. எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன், இனிமே நீதான் மனைவின்னு. சரின்னுட்டாரு. சமையல் அவருதான் பண்றாரு, அதனால பெரிய மாற்றம் ஒண்ணும் இல்ல."

காவலாளி தொழிற்சாலை வாயிலை ஒட்டிய அறையிலேயே குடியிருக்கிறார். அவ்வறைக்கு ஒரு படிகூட இல்லை. அவரும் இருபத்திரண்டு என்றே எழுதினார்.

அடுத்த வாரம் என் மனைவி கடையிலிருந்து சினத்துடன் வெளியே வந்தாள். "இன்னிக்கு ஒரு பொண்ணு சட்டை தைக்கக் குடுக்க வந்துச்சு. பதினாலாம் படியில நிக்கிறது நீங்கதானான்னு கேக்குது. ஊரே என் முட்டியப் பத்திப் பேசுது."

"நானூத்திப் பன்னண்டு பேரு உனக்காகக் கைப்பிடி கேட்டிருக்காங்க."

"கேட்டவங்க நானூத்திப் பன்னண்டு பேரு. ஏறுறது நான் ஒருத்தி."

நான் இரண்டு படி முன்னால் ஏறிக்கொண்டிருந்ததால், இதற்கு விடை சொல்லத் திரும்ப வேண்டியதில்லாமற் போயிற்று.

வேட்பாளர் நேரில் வந்து நன்றி கூறினார். அதே மரப்பெட்டி, அதே 'கவிழ்க்காதே'. அவருடைய கையில் எங்கள் படிவங்களின் கட்டு இருந்தது.

"சாலை, பாலம், பள்ளிக்கூடம்னு பேசலாம்னுதான் வந்தேன்," என்றார். "ஆனா உங்க கடிதங்களப் படிச்ச பிறகு எனக்குப் பேச்சு வரல. மத்த ஊர்ல மக்களுக்கு ஆயிரம் குறை இருக்கும். ஒண்ண விட்டா ஒண்ணு சொல்வாங்க, யார நம்புறதுன்னு தெரியாது. இங்க மட்டுந்தான் எல்லாருக்கும் ஒரே குறை. எல்லா வீட்டுலயும் பதினாலாம் படி. நான் வாக்குக் குடுக்கறேன். நான் ஜெயிச்சா, எந்த வீட்டுக்கும் பதிமூணு படிக்கு மேல இருக்காது."

காவலாளி கண்களைத் துடைத்துக்கொண்டார்.

அவர் வென்றார். இயக்குநர் எங்களுக்கெல்லாம் அரை நாள் விடுமுறை அளித்து, அந்த அரை நாளை ஞாயிற்றுக்கிழமை ஈடுசெய்யச் சொன்னார். நாற்காலி பரிசீலனையின் வலப்புற எல்லையை அடைந்துவிட்டதாக மேலாளர் கூறினார். நான் பதிவறைக்குள் சென்று, ஒருவரும் பார்க்காத வேளையில், ஒரே ஒரு முறை அந்த நாற்காலியில் அமர்ந்து பார்த்தேன். பள்ளம் பொருந்தியது. முழங்கால்கள் இரண்டும் நன்றி கூறின.

அதன்பின் தேர்தல் செலவுக் கண்காணிப்பு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. 'நானூற்றுப் பன்னிரண்டு தனிமனிதர்களின் உள்ளக் குரல் ஒரே காற்புள்ளிகளுடன் ஒலிப்பது எங்ஙனம்? விசாரணை அலுவலர் நேரில் வந்து பணியாளர் ஒவ்வொருவரையும் வினவுவார்.'

மேலாளர் உடனே உணவுக்கூடத்தில் பயிற்சி வகுப்பு நடத்தினார். அதன் பெயர் 'உள்ளக் குரல் ஒத்திகை'. வாசகத்தை எல்லாரும் மனப்பாடம் செய்ய வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் காற்புள்ளி உட்பட வர வேண்டும். மூன்றாம் நாள் ஒத்திகையில் மேலாளரே விசாரணை அலுவலராக நடித்து ஒரு கேள்வி கேட்டார்.

"எந்த முட்டி?"

கூடம் திகைத்தது. பாதிப்பேர் வலது என்றனர். பாதிப்பேர் இடது என்றனர். காவலாளி இரண்டும் என்றார். வரவேற்புப் பெண், "யாரோடதுன்னு கேக்கறீங்களா சார்?" என்றாள். மேலாளர் தலையில் கைவைத்து அமர்ந்தார். ஒரு மணி நேரத்தில் சுற்றறிக்கை வந்தது: 'முழங்கால் தொடர்பாக. இதனால் யாவருக்கும் அறிவிப்பது யாதெனில், பணியாளர் அனைவருடைய மனைவியருக்கும் வலி இடது முழங்காலில் இருக்கும். இவ்வாணை உடனடியாக நடைமுறைக்கு வருகிறது.'

சுற்றறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு மேலாளரின் அறைக்குச் சென்றேன்.

"சார், அது வலது."

"எது?"

"என் மனைவியோட முட்டி. வலதுதான் வலிக்குது."

"யோசிச்சுப் பேசுங்க. நானூத்திப் பதினோரு பேரு இடதுன்னு மனப்பாடம் பண்ணிட்டாங்க. உங்க ஒரு வீட்டுக்காக அத்தன பேரையும் மாத்தச் சொல்றீங்களா?"

"அவளோட கால் சார் அது."

"முன்னாடி அவங்களோடதா இருந்துச்சு. இப்ப நிறுவனத்தோடது," என்றார் மேலாளர் பொறுமையாக. பிறகு, "நாற்காலிக்கு வார்னிஷ் அடிக்கச் சொல்லியிருக்கேன். ரெண்டு நாளுல காஞ்சிடும்," என்றார்.

வார்னிஷ் வாசனை நினைவில் எழுந்தது. இடது என்று ஒப்புக்கொண்டேன். என் கொள்கை உறுதியை அளக்க ஐந்து கிலோ எடைக்கல் தேவையில்லை. வார்னிஷ் டப்பாவின் மூடி போதும்.

வீட்டில் விவரத்தைச் சொன்னேன். "யாராவது வந்து கேட்டா இடதுன்னு சொல்லிடு."

மனைவி முழங்காலில் வெந்நீர்த் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். "வலிக்கிறது எனக்கு. எந்தக் காலுன்னு சொல்றது உங்க மேலாளரா?"

"சுற்றறிக்கை போட்டுட்டாங்க."

"அந்தச் சுற்றறிக்கைய இந்தக் காலுக்கும் படிச்சுக் காட்டுங்க. கேட்டுட்டு வலி அந்தப் பக்கம் மாறினா சந்தோஷந்தான். இதுக்கு ரெண்டு நாளு லீவாவது கெடைக்கும்."

விசாரணை அலுவலர் ஒரு பெண்மணி. வெந்நீர்க் குடுவையும் கனத்த மூக்குக்கண்ணாடியுமாக வந்தார். உணவுக்கூடத்தில் எங்களை வரிசையாக அமர வைத்து, ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்தார். பத்தொன்பது ஆண்டுகளில் தொழிற்சாலை என்னை முறைப்படி உட்காரச் சொன்னது அன்றுதான்.

"பயப்படாதீங்க," என்றார். "என் முறை ரொம்ப எளிமையானது. பொய் ஆளுக்கு ஆளு மாறும். உண்மை மாறவே மாறாது. இருபத்தாறு வருஷமா இதான் என் அளவுகோல். அன்னிக்கு என்ன காரணம் எழுதினீங்களோ, அத இப்ப பாக்காம எழுதுங்க. எந்த முட்டின்னும் எழுதுங்க."

அவர் கூறியது எனக்கு உடனே விளங்கிற்று. நான்கு மூலையிலும் நடுவிலும் ஒரே எண் தெரிந்தால் முத்திரை. நானும் அதே முறையில்தான் காலம் தள்ளியிருக்கிறேன். ஒரு வேறுபாடு: தட்டில் எடைக்கல் இருக்கிறதா என்பதை நான் முதலில் பார்ப்பது வழக்கம்.

சுற்றிலும் பேனாக்கள் ஓடின. நானும் எழுதினேன். 'எம் இல்லத்துக்கு வீதியிலிருந்து' என்று கை தானாகவே சென்றது. 'வானத்தைப் பார்ப்பதுபோல்' என்ற இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அச்சொற்றொடர் முதன்முறையாக எனக்குப் பிழையாகத் தோன்றியது. அவள் எந்நாளும் வானத்தைப் பார்த்ததில்லை. இரண்டு படி முன்னால் போகிறவனுக்கு, பின்னால் நிற்பவள் எதைப் பார்க்கிறாள் என்பது எவ்வாறு தெரியும்? அவளுக்கு நேர் எதிரே, கண்ணுக்குத் தெரியும் உயரத்தில், ஒன்றே ஒன்றுதான் இருந்திருக்க முடியும். அச்சொற்றொடரை அடித்துவிட்டு, 'முன்னால் செல்லும் என் முதுகைப் பார்த்து' என்று திருத்தினேன். திருத்தியபின் வாக்கியம் நிமிர்ந்து நின்றது. அந்த உற்சாகத்தில் 'வலது முழங்கால்' என்றும் எழுதிவிட்டேன்.

இதனை வாய்மைக்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆயினும் மெய் யாதெனில், என் கட்டுரையில் ஒரு மேலாளர் சுற்றறிக்கை மூலம் கைவைத்ததை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நாற்காலியின் நினைவு வந்தபோது தாள் கைமாறிவிட்டிருந்தது.

பிற்பகலில் என்னை மட்டும் தனியே அழைத்தார் அலுவலர்.

"உக்காருங்க. நானூத்திப் பதினோரு பேரு ஒரு புள்ளி மாறாம எழுதியிருக்காங்க. நீங்க மட்டும் ஏன் தடுமாறியிருக்கீங்க?"

"தடுமாறல மேடம். திருத்தினேன். அத எழுதினதே நான்தான்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. ஆனா அவங்களுக்கு மனப்பாடமா வருது. சொந்தமா எழுதினவருக்கே அது மறக்குமா?"

"மறக்கல மேடம். அவ வானத்தப் பாக்கல. என் முதுகத்தான் பாத்தா."

அவர் குறித்துக்கொண்டார். "சரி. எந்த முட்டி?"

"வலது."

"இந்தத் தொழிற்சாலையில யாருக்குமே வலது முட்டி வலிக்கலயே." மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னை இரக்கத்துடன் பார்த்தார். "தயங்காமச் சொல்லுங்க. உங்களக் கட்டாயப்படுத்தி எழுத வச்சது யாரு?"

"யாரும் இல்ல மேடம். உண்மையிலேயே நான் விரும்பித்தான் எழுதினேன்."

"பாவம்," என்றார் அவர். "ரொம்ப மிரட்டி வச்சிருக்காங்க."

பத்து நாளில் அறிக்கை வந்தது. நானூற்றுப் பதினோரு நன்கொடைகள் ஐயத்துக்கு இடமின்றித் தன்விருப்பத்தால் வழங்கப்பட்டவை. எஞ்சிய ஒன்று, பிறருடைய வாசகத்தை அரைகுறையாக நகலெடுத்த ஒருவரால் அச்சத்தின் காரணமாக வழங்கப்பட்டது. அவருக்கு மனைவி இருப்பதே தெளிவாகவில்லை. ஆகவே அத்தொகை மட்டும் திருப்பித் தரப்பட வேண்டும். இயக்குநர் அறிக்கையைப் பெட்டிமேல் நின்று படித்தார். "நம்ம நிறுவனத்துல கட்டாயம் இல்லன்னு அரசாங்கமே சொல்லிடுச்சு," என்றார். "அந்த ஒருத்தர் யாருன்னு நான் சொல்ல மாட்டேன்." சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். நானூற்றுப் பதினோரு தலைகளும் அவர் பார்த்த பக்கம் திரும்பின.

நாற்காலி நெட்டைக்குக் கிடைத்தது. காற்புள்ளிகள் உட்பட முதலில் எழுதி முடித்தவன் அவன்தான். ஒரு வாரம் கழித்துப் பதிவறை வழியே சென்றபோது என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணே, கோவமா? சத்தியமா இது உங்க அளவுக்குத்தான் இருக்கு. என் காலு உள்ளயே போகல. நாள் முழுக்க மடக்கி வச்சு முட்டி வலிக்குது."

"எந்த முட்டி?"

"இடதுதான்ணே. சுற்றறிக்கை இன்னும் அமல்லதானே இருக்கு."

புதிய உறுப்பினரின் வாக்குறுதியும் நிறைவேறியது. இரண்டு பேர் அளவுநாடாவுடன் எங்கள் தெருவுக்கு வந்து, பதின்மூன்றாம் படிக்குமேல் உள்ள ஒன்பது படிகளையும் 'சரிவு' என்று பதிவுசெய்து, கையொப்பம் வாங்கிக்கொண்டு சென்றனர். கைப்பிடி பற்றிக் கேட்டேன். சரிவுக்குக் கைப்பிடி வைக்க விதி இல்லை என்றனர்.

எஞ்சியிருந்தது திரும்பி வரவேண்டிய தொகை. பெரிய தொகையன்று, ஆயினும் ஓர் இரும்புக் குழாயும் கொல்லர் கூலியும் அதில் அடங்கும் என்று விசாரித்து வைத்திருந்தேன். அதற்கும் ஒரு படிவம் வந்தது. 'தொகையைத் திரும்பப் பெற விரும்புவதற்கான காரணம், சொந்த வாசகத்தில்.' இம்முறை அலங்காரம் எதுவுமின்றி எழுதினேன்: 'என் மனைவிக்கு முழங்கால் வலி. படிகளுக்குக் கைப்பிடி இல்லை.'

மூன்று வாரத்தில் படிவம் திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மையில் குறிப்பு: 'தாங்கள் குறிப்பிடும் மனைவி, முழங்கால் வலி, கைப்பிடியற்ற படிகள் ஆகியவை நானூற்றுப் பதினோரு நபர்களின் சொந்த வாசகமாக ஏற்கெனவே பதிவாகி உறுதிசெய்யப்பட்டுள்ளன. பிறர் வாசகத்தைப் பயன்படுத்தாமல், தங்கள் சொந்தக் காரணத்தைக் குறிப்பிட்டு மீண்டும் விண்ணப்பிக்கவும்.'

அன்று மாலை தையற்கடை வாசலிலேயே அதை மனைவியிடம் காட்டினேன். தெருவிளக்கின் கீழ் நின்று இரண்டு முறை படித்தாள்.

"அப்ப எனக்கு முட்டி வலிங்கிறது இப்ப உங்களுக்குச் சொந்தம் இல்லையா?"

"இல்லயாம்."

"எனக்காவது சொந்தமா?"

"அதப் பத்தி ஒண்ணும் எழுதல."

தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஏறத் தொடங்கினாள். நான் வழக்கம்போல் முன்னால் ஏறினேன். பின்னால் செருப்போசை நின்றது. எண்ணிப் பார்க்கத் தேவையில்லை. நான் பதினாறாம் படியில் இருந்தேன். இரண்டு படி இறங்கி வந்து, அவளுக்குப் பக்கத்தில், வலப்புறமாக நின்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு என் தோளைப் பற்றி, முழு எடையையும் அதன்மேல் இறக்கினாள். மெய்யான எடை.

"ஆடாம நிப்பீங்களா?"

"பத்தொம்பது வருஷமா அதத்தான செய்யறேன்."

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு தலையை நிமிர்த்தி, வானத்தைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். இதற்கு ஒரு நல்ல வாக்கியம் என்னுள் திரண்டுவந்தது, பேசாமல் நின்றேன்.

"மழை வரும்போல இருக்கு," என்றாள். "மாடியில துணி கெடக்கு. ஏறுங்க."